இடப்பக்கத்து ஆள்

"வெள்ளக்காரன் சும்மா ஒருத்தனைப் பக்கத்துல நிறுத்திக்க மாட்டான். என்னமோ இருக்குலா, வீராசாமி."

கிரேனை விட்டு இறங்கி, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஜலாலுதீன் இதைச் சொன்னான். பொறாமையில் சொல்கிறான் என்று நினைத்தேன். எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கடைக்காரன் தராசைத் தூக்கினால் நான் தட்டைப் பார்க்க மாட்டேன், அவன் சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். கோயிலில் கொடுக்கிற விபூதியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைப்பேன். அப்படிப்பட்டவனின் எதிரிலேயே ஒரு காரியம் இரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. மலாயாவுக்குத் தெற்கே உள்ள தீவில், தஞ்சோங் ரூவில் ஒரு கப்பல் பட்டறை. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். பழுதுக்கு வரும் கப்பலின் இரும்புத் தகடு, எஞ்சின், தண்ணீரைத் தள்ளுகிற விசிறி எல்லாவற்றையும் கிரேன் தூக்கி இறக்கும். அதற்குச் சங்கிலி மாட்டுகிற கூட்டத்தில் நான் ஒருவன். ஜலாலுதீன் கிரேன் ஓட்டுகிறவன். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. ஃபோர்மன் கையைத்தான் பார்ப்பான். கை மேலே போனால் ஏற்றுவான், கீழே போனால் இறக்குவான், முஷ்டி மடங்கினால் நிறுத்துவான். அந்தக் கையை நம்பித்தான் எங்கள் தலைகள் கீழே நின்றுகொண்டிருக்கும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர், அந்த வருஷம்தான் வந்து சேர்ந்த இன்னஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் ஆட்கள் வாயில் அது நிற்குமா? இன்னாசி துவான் ஆக்கிவிட்டார்கள்; மலாயில் துவான் என்றால் துரை. ஐம்பதை நெருங்கிய வயது, சிவந்த கழுத்து, நீளமான கை. யாரிடம் பேசினாலும் முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். கூலிக்காரனை நேராகப் பார்த்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிற சாதி என்று அப்போதே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அவரை எங்கள் ஆட்டத் திடலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தேக்காவில், ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், ஒரு மரக்கிடங்குக்கும் சலவைக்காரர்கள் துணி உலர்த்தும் இடத்துக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். சுண்ணாம்பில் கோடு போட்டு, இரண்டு குழாயில் வலை கட்டிப் பூப்பந்து ஆடுவோம். அந்தக் காலத்தில் உலகக் கோப்பையை மலாயா ஆட்டக்காரர்கள் வைத்திருந்தார்கள். அந்த மயக்கத்தில் ஒரு சந்து கிடைத்தாலும் நடுவே வலையைக் கட்டிவிடுவார்கள். எங்களுக்குக் கிடங்குச் சுவர் காற்றைத் தடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தணிந்ததும் தொடங்குவோம்.

இன்னஸ் வெள்ளை அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார். மட்டை கோணாமலிருக்க அதை ஒரு மரச்சட்டத்துக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கியிருந்தார். அதை மெல்லக் கழற்றி எடுத்து, "ஆடலாமா?" என்று கடைத்தெருவில் புழங்கும் பசார் மலாயில் கேட்டார். அவருக்கும் எனக்கும் அந்த மலாய்தான் கடைசிவரை பாஷை. நான் அதைத் தமிழாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போனது.

"துவான், பந்து கடல் தாண்டி ஜொகூருக்குப் போவுது! பஸ் டிக்கட்டு வாங்கியாச்சா?" என்று சலவைக்காரர்கள் கத்தினார்கள்.

அவர் ஊர்க் குளிரில் பந்து மெதுவாகப் போகுமாம். இங்கே சூட்டுக்குச் சிட்டாகப் பறக்கிறது. அவருக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆனது. பிடிபட்ட பிறகு எங்களில் ஒருத்தன்கூட அவர் எதிரே நிற்க முடியவில்லை. வலைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பந்தைத் தள்ளுவார். ஸ்மாஷ் அடித்தால் சுவரில் இடித்த மாதிரி சத்தம் கேட்கும்.

"மனுசன் லேசுப்பட்ட ஆள் இல்லை," என்றார் இராஜரத்தினம். பட்டறையில் கிளார்க்கு, யாழ்ப்பாணத்தார். ஆட்டத்துக்கு நடுவர் அவர்தான், ஏனென்றால் விதிப் புத்தகம் அவரிடம்தான் இருந்தது. "யுத்தத்துக்கு முன்னம் ஸ்கொட்லாந்துக்காக இரட்டையர் ஆட்டம் ஆடினவர். அயர்லாந்து, இங்கிலாந்து எல்லாம் போய் ஆடியிருக்கிறார். எனக்கு ஒருநாள் தானே சொன்னவர்."

"தனியா ஆடலையா?" என்று கேட்டேன்.

"இல்லை. எப்பவும் சோடிதான்."

அப்படிப்பட்ட ஆள், இத்தனை பேர் இருக்க, என்னைத்தான் ஜோடிக்குக் கூப்பிட்டார். ஜலாலுதீன் என்னைவிட வேகமானவன். அங்கே ஆட வருகிற தபால்காரர்களில் இரண்டு பேர் என்னைவிட நன்றாக ஆடுவார்கள். என்னிடம் இருந்த ஒரே விசேஷம் நான் இடக்கைக்காரன். அதற்காகச் சின்ன வயசிலிருந்து ஏச்சுத்தான் வாங்கியிருக்கிறேன். "பீச்சாங்கையால சாப்பாடு போடாதே," என்று பந்தியில் என் கையைத் தட்டிவிட்டவர்கள் உண்டு. "அந்த இடக்கை எனக்கு வேண்டும்," என்று வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? உச்சி குளிர்ந்துவிட்டது.

இன்னஸ் ஒரே ஒரு சட்டம் வைத்தார். சர்வ் எந்தப் பக்கம் போட்டாலும், பந்து பறக்கத் தொடங்கியதும் அவர் வலப்பாதிக்குப் போய்விடுவார். இடப்பாதி என்னுடையது. பந்து இடப்பக்கம் வந்தால் நான் "கிரி!" என்று கத்த வேண்டும். மலாயில் இடது என்று அர்த்தம்.

"நானே எடுக்கப் போற பந்துக்கு நான் ஏன் கத்தணும்?" என்று கேட்டேன்.

"கத்து. இரட்டையர் ஆட்டத்துக்கு வாய்தான் பாதி," என்றார்.

கத்தினேன். ஆட்டம் ஏறியது. நடுக்கோட்டுப் பந்தும் என்னுடையது ஆனது. அவர் காலடியில் விழுகிற பந்தைக்கூடப் பாய்ந்து எடுக்கப் பழகினேன். அடுத்த மாதமே பட்டறையில் என்னைச் சங்கிலிக் கூட்டத்திலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கிரேன் தூக்கும்போது அவருக்கு இடப்பக்கம் ஓர் அடி தள்ளி நான். சுமை அந்தப் பக்கம் ஆடினால் அங்கேயும் "கிரி!"

ஒருமுறை ஒரு தகடு காற்றில் திரும்பி, கீழே நின்ற, எங்கள் சங்கிலிக் கூட்டத்துத் துரைசாமியின் தலைக்கு நேராக வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னஸ் முஷ்டியை மடக்கினார், ஜலாலுதீன் பிரேக் போட்டான், தகடு துரைசாமியின் தொப்பியை மட்டும் தட்டிக்கொண்டு போனது. இன்னஸ் என் தோளில் கை போட்டு, "நல்லது, நல்லது," என்றார். அந்தக் கையைச் சீக்கிரம் எடுக்கவும் இல்லை. இவ்வளவு பெரிய ஆளுக்குக் கூலிக்காரன் உயிரின் மேல் இத்தனை அக்கறையா என்று எண்ணினேன்.

பூவம்மா, என் பெண்சாதி, மட்டும் மசியவில்லை. "ரெண்டு பேரு செய்யுற வேலையை ஒருத்தர் செய்யுறீங்க. ஞாயித்துக்கிழமையும் அவருக்கே ஓடுறீங்க. அவரு என்ன, உங்க மாமனாரா?" என்பாள். சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

ஐம்பத்தொன்பதில் எங்கள் வட்டாரத்துப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தோம். எதிரே தபால்காரர்கள். சனம் கிடங்குச் சுவர்மேல் வரை ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில், பந்து பறந்துகொண்டிருக்கும்போதே, எனக்குக் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். கத்தவும் வாய் வரவில்லை.

தபால்காரன் ஒருத்தன் பந்தை இடப்பக்கம் மெதுவாகத் தூக்கிப் போட்டான். வேகமே இல்லாத பந்து. அது இன்னஸின் இடது தோளை ஒட்டி இறங்கி, இடது காலின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மட்டைகூட வேண்டாம், கையை நீட்டிப் பிடித்திருக்கலாம். அவர் மட்டையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார். பந்து விழுந்த பிறகும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

நான் தரையிலிருந்து அவர் முகத்தையே பார்த்தேன். சனம் கத்திய பிறகுதான் அவர் அசைந்தார்.

"எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

காலை உதறிக்கொண்டு எழுந்தேன். அதன் பிறகு எப்படி ஆடினோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரர்கள் பதற்றத்தில் இரண்டு பந்தை வலையில் அடித்தார்கள். நாங்கள் ஜெயித்ததாக இராஜரத்தினம் அறிவித்தார். என்னைத் தோளில் தூக்கினார்கள். எனக்கு அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்த பந்துதான் நினைப்பாக இருந்தது.

ஆட்டம் முடிந்தால் முனையில் இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்காருவது வழக்கம். இன்னஸ் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவருடைய குவளையை நான் சத்தமில்லாமல் அவருக்கு இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"தே ஆறிப்போவுது, துவான்."

அவர் கை மேசையின் நடுவே தேடியது. பிறகு வலப்பக்கம் தேடியது. குவளை அவர் இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

நான் எழுந்தேன். அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, கன்னத்தில் அறையப் போகிறவன் மாதிரி கையை ஓங்கி, முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் நிறுத்தினேன்.

கடையே உறைந்துவிட்டது. கூலிக்காரன் ஒருத்தன் வெள்ளைக்காரன் மேல் கை ஓங்கியதை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னஸ் ஒருத்தர்தான் இமைகூடக் கொட்டாமல் எதிரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே கை இருப்பதே தெரியவில்லை.

இராஜரத்தினம் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "உமக்கென்ன விசரே? கையை எடும்! மனுசனுக்கு அந்தக் கண் தெரியாதெண்டு உமக்குத் தெரியாதோ?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"அவர் வந்த நாளிலயிருந்து. ஒபிசில எல்லாருக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன்யா சொல்லலை?"

"நீர் கேக்கேல்லையே," என்றார் இராஜரத்தினம். ஏமாற்றுகிற முகமில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அறைய ஓங்கிய கை மேசைமேல் கிடந்தது. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது.

இன்னஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தை முழுக்க என் பக்கம் திருப்பினார். ஓரக்கண்ணால் பார்ப்பது திமிர் என்று நினைத்தேனே, இருக்கிற ஒரு கண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதற்காகத்தான் அந்த மனிதர் இத்தனை நாளும் தலையைத் திருப்பியிருக்கிறார். அந்த இடது கண்ணில் வெளியே ஒரு குறையும் இல்லை. நீலமாக, பளிச்சென்று இருந்தது.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"பந்து," என்றார். "நான் வலையோரம் நின்றேன். ஆர்ச்சி, என் ஜோடி, பின்னால் நின்றான். அவன் தூக்கிய பந்து உயரமும் இல்லாமல் தூரமும் இல்லாமல் போய்விட்டது. எதிராளி ஸ்மாஷ் அடித்தான். நான் திரும்பினேன். திரும்பக் கூடாது, திரும்பினேன். பந்தின் தக்கை கண்ணில் பட்டது. இருபத்து மூன்று வயது."

"அதுக்கப்புறமும் ஆடினீங்களா?"

"அதுக்கப்புறம்தான் நாட்டுக்காக ஆடினேன்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆர்ச்சி தன்னால்தான் அந்தக் கண் போனது என்று இடப்பக்கத்தை முழுக்க எடுத்துக்கொண்டானாம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தேர்வு செய்கிறவர்களுக்குத் தெரிந்தால் அன்றோடு முடிந்தது. கிளாஸ்கோவில், எடின்பரோவில், கடல் தாண்டி டப்ளினில், எங்கே ஆடினாலும் அவன் இடப்பக்கம், இவர் வலப்பக்கம். கோப்பைகள் வந்தன. இரண்டு பேரும் ஒரே மனசுபோல ஆடுகிறார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். ஏழு வருஷம். பிறகு ஒருநாள் டப்ளினில், ஜெயித்த ஆட்டத்துக்குப் பிறகு, உடை மாற்றுகிற அறையில் ஆர்ச்சி மட்டையைப் பெஞ்சின்மேல் வைத்தான். "உன் பாதியையும் நானே ஆடினேன். என் பாதியை ஒருநாளும் நான் ஆடவில்லை," என்று சொன்னான். அதோடு போய்விட்டான்.

"வேற ஜோடி கிடைக்கலையா?"

"கண் விஷயத்தைச் சொன்னால் யார் வருவார்கள்? சொல்லாமல் யாரைச் சேர்ப்பது? ஆட்டத்தை விட்டேன். யுத்தம் வந்து போனது. பிறகு இங்கே வந்தேன்."

"இங்க வந்து சொல்லாமலே சேத்துக்கிட்டீங்க."

அவர் தலையைத் திருப்பிக் குவளையைத் தேடி எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு மற்றது விளங்கியது. திடலில் விளங்கியதைவிடப் பெரிது அது.

"துவான், பட்டறையில?"

அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

"பட்டறையிலயும் அதுக்குத்தானா? துரைசாமி தலைக்கு வந்த தகடு உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"நீ கத்தினாய். நான் கையை மடக்கினேன்."

"நான் கத்தலன்னா?"

"நீ எப்போதும் கத்துவாய், வீரா."

"ஆபீசு இதுக்கு ஒத்துக்கிச்சா? தெரிஞ்சேவா உங்களைக் கிரேனுக்குக் கை காட்ட விட்டாங்க?"

"முதல் வாரமே டாக்டர் பார்த்தார். இடப்பக்கம் நல்ல ஆளாக ஒருத்தனை வைத்துக்கொள் என்றார்கள்."

"அந்த ஆளுக்கு விஷயத்தைச் சொல்லச் சொன்னாங்களா?"

"அதைப் பற்றி யாரும் பேசவில்லை," என்றார் இன்னஸ். பிறகு, "தெரிந்தவன் ஒருத்தன் விட்டுவிட்டுப் போனான். தெரியாதவன் போக மாட்டான் என்று நினைத்தேன்," என்றார்.

நான் சந்தேகப் பிராணி. வெள்ளைக்காரன் சம்பளத்தில் பிடிப்பான், வேலை நேரத்தைத் திருடுவான், எல்லாம் எதிர்பார்ப்பேன். ஒரு மனிதனிடம் கேட்காமல் அவன் கண்ணை எடுத்து இன்னொருத்தர் முகத்தில் வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதில் பாராட்டு வேறு. தோளில் கை வேறு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பூவம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து நீங்க போகாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் நான் அதை யோசிக்கவில்லை. காய்ச்சல் வந்திருக்கிறது. போகாமலும் இருந்திருக்கிறேன். அந்த நாட்களில் கீழே நின்றவர்கள் யார் யார் என்று ஒவ்வொருத்தராக முகம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு கப்பலின் விசிறியைக் கழற்றி இறக்க வேண்டும். வெண்கலம், ஒரு லாரி எடை இருக்கும். துரைசாமியும் மற்றவர்களும் சங்கிலி மாட்டிவிட்டுக் கீழே நின்றார்கள். இன்னஸ் தன் இடத்தில் நின்றார், ஜலாலுதீன் கூண்டுக்கு ஏறப் போனான். ஏணியடியில் அவனை நிறுத்திச் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "போடா, காலையிலேயே கதை விடுறே."

"பள்ளிவாசலுக்குக் கூப்பிடு, வந்து சத்தியம் பண்றேன்."

என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஏணிக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். "அப்ப நான் ரெண்டு வருஷமா யாரு கையைப் பாத்துடா ஏத்தினேன்?" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "யா அல்லாஹ்," என்றான்.

கூட்டத்துக்குத் தமிழில் ஒரே வரியில் சொன்னேன். "இன்னாசி துவானுக்கு இடக்கண் கிடையாது, ஆபீசுக்குத் தெரியும்." ஒருத்தனும் கூச்சல் போடவில்லை. விசிறிக்குக் கீழே நின்றவர்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். துரைசாமி கடைசியாக வந்தான். தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை நின்றதும் மேனேஜர் வந்தார். பின்னால் இராஜரத்தினம். யார் நிறுத்தியது என்று மேனேஜர் கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

மேனேஜர் ஏதோ சொன்னார். இராஜரத்தினம் என்னைப் பார்க்காமல் தமிழாக்கினார். "நீர் கண் டொக்டரோ எண்டு கேக்கிறார்."

"இல்லை. நான் இடப்பக்கத்துல நிக்க மாட்டேன். இன்னாசி துவான் தனியா கை காட்டட்டும், ஜலாலுதீன் இறக்கட்டும். கீழ சங்கிலியைப் பிடிச்சிக்கிட்டு இந்த மேனேஜர் துரை நிக்கட்டும். நின்னா நாங்க எல்லாரும் வேலைக்கு வர்றோம்னு சொல்லுங்க."

"இதை நான் எப்பிடிச் சொல்லுறது, வீராசாமி?"

"இங்கிலீசுலதான் சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

சொன்னார். மேனேஜரின் காது சிவந்தது. தொங்குகிற கொக்கியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னஸைப் பார்த்தார். இன்னஸ் அவரிடம் இரண்டு மூன்று வார்த்தைதான் பேசினார்.

"வீராசாமி சொல்லுறது சரியெண்டு சொல்லுறார்," என்றார் இராஜரத்தினம். யாரும் அவரைக் கேட்கவில்லை, தானாகவே சொன்னார்.

விசிறியை வேறொரு ஃபோர்மன் வந்து மத்தியானம் இறக்கினார். மறுநாள் இன்னஸைக் கயிற்றுக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. என்னைக் கப்பலின் அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் சுரண்டுகிற வேலைக்குப் போட்டார்கள். மல்லாந்து படுத்துச் சுரண்ட வேண்டும், துரு கண்ணில் விழும். எதிர்பார்த்ததுதான். அதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரே பலஸ்தியர் ரோட்டு அண்ணன் தம்பி, சீனர்கள். மூத்தவன் பெயர் ஆ செங். இன்னஸ் வர மாட்டார், ஜலாலுதீனைச் சேர்த்து ஆடு என்று எல்லாரும் சொன்னார்கள். இராஜரத்தினம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஜோடி மாற்ற முடியாது, வராவிட்டால் தோல்விதான் என்றார். நானும் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே மரச்சட்டம். திருகாணிகளைக் கழற்றினார். சனம் முணுமுணுத்தது. அதற்குள் தேக்கா முழுக்கக் கதை பரவியிருந்தது. சலவைக்காரர்கள்கூடக் கேலியை விட்டிருந்தார்கள்.

என்னிடம் வந்து, முகத்தை முழுக்கத் திருப்பி நின்றார். "இன்றைக்கு நீ வலப்பக்கம்," என்றார்.

"அப்ப இடப்பக்கம்?"

"நான். உன் பாதியில் நில். என் பாதிக்கு வராதே. கத்தவும் கத்தாதே."

"துவான், தோத்துடுவோம்."

"தெரியும்."

எனக்கு அந்தக் கோப்பை வேண்டும். நாற்பது வயதில் ஒருத்தனுக்கு இன்னொரு தரம் இறுதி ஆட்டம் வருமா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய நல்ல கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மட்டையை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் திடலே வேறு இடம் மாதிரி இருந்தது.

சீனர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களுக்கும் கதை தெரியும். முதல் பந்தே அவருக்கு இடப்பக்கம். காற்றில் மட்டையைச் சுழற்றினார், பந்து கீழே கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு தரமும் தலையைத் திருப்பித் தேடினார். சில பந்து அவர் தோளில் பட்டே விழுந்தது. யாரோ ஒருத்தன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். என் கால் தானாகவே இடப்பக்கம் எட்டு வைத்தது. "ஓய்!" என்று இன்னஸ் அதட்டினார். திரும்பிப் பார்க்காமலே என் காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். கோட்டுக்குத் திரும்பினேன்.

முதல் ஆட்டம் பதினைந்துக்கு மூன்று. அந்த மூன்றும் என் பாதியில் வந்தவை.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஒன்று நடந்தது. ஆ செங் பந்தை என் பக்கமே போடத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. தம்பியும் அப்படியே. நாங்கள் புள்ளி எடுத்தோம். சனம் மெல்லக் கை தட்டியது. எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இன்னஸ் சர்வ் போடக் கையில் வாங்கிய பந்தைக் கீழே வைத்தார். வலையடிக்குப் போனார். ஆ செங்கை விரலால் கூப்பிட்டார். அவன் பயந்துகொண்டே வந்தான்.

"ஏன் அந்தப் பக்கமே அடிக்கிறாய்?"

ஆ செங் நெளிந்தான். "துவான், உங்களுக்கு... பாவமா இருக்கு."

இராஜரத்தினம் புத்தகத்தை மூடிவிட்டார். இதற்கு அதில் விதி கிடையாது.

"இந்த மைதானத்தில் இது என் பாதி," என்றார் இன்னஸ். மட்டையால் இடப்பக்கம் முழுவதையும் காட்டினார். "இருபத்தேழு வருஷமாக இதை நான் ஆடியதில்லை. ஒருத்தரும் விட்டதில்லை. நான் விடச் சொன்னதும் இல்லை. இங்கே அடி."

ஆ செங் என்னைப் பார்த்தான். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. கோப்பை மரக்கிடங்கு வாசலில் ஒரு முக்காலிமேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"அவரு சொல்றபடி அடிலா," என்றேன்.

இன்னஸ் சர்வ் போட்டார். ஆ செங் இடப்பக்கம் தூக்கினான், பலமாக, மரியாதையாக, எந்த ஆட்டக்காரனுக்கும் அடிக்கிற மாதிரி. இன்னஸ் உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு பின்னால் ஓடினார். எங்கே விழும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு எட்டில் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். போகவில்லை. வாயையும் திறக்கவில்லை.